சின்னக் கார்களைப் பார்க்க சிங்கப்பூர் போனோம்

அக்டோபர் 1, 2025, புதன் இரவு. கோவை விமான நிலையம்

காலையில் பட்டறையில் ஆயுத பூஜை. லேத்துக்கும் வெல்டிங் மெஷினுக்கும் சந்தனப் பொட்டு வைத்து, பையன்களுக்குப் பொரி, சுண்டல் கொடுத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்துவிட்டுத் திரும்பினால், மகள் தன் ஹெல்மெட்டைக் கொண்டுவந்து லேத் பக்கத்தில் வைத்திருக்கிறாள். அதற்கும் பொட்டு. "அதுவும் ஆயுதந்தானுங்கப்பா" என்றாள். எட்டாம் வகுப்பு படிக்கிறாள். இரண்டு வருஷமாக கோ-கார்ட் ஓட்டுகிறாள்.

காலாண்டு விடுமுறை நடக்கிறது. திங்கட்கிழமைக்கு மட்டும் ஒரு நாள் லீவு கேட்டோம். காய்ச்சல் என்று புளுகாமல் "சிங்கப்பூரில் கார் பந்தயம் பார்க்க" என்று உள்ளதையே எழுதிக் கொடுத்தேன். வகுப்பாசிரியர் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

எஃப்1, அதாவது ஃபார்முலா 1 கார் பந்தயம் பார்க்கத்தான் போகிறோம் என்று தெருவில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதையும் பார்ப்போம். ஆனால் கிளம்பியது அதே பாதையில், அதே மூன்று நாளில் ஓடும் சின்னக் கார்களுக்காக. எஃப்1 அகாடமி என்று பெயர். 2023-ல் ஆரம்பித்த, பெண்கள் மட்டும் ஓட்டும் தொடர். வயது 16-லிருந்து 25 வரை. கார் ஃபார்முலா 4 வகை. கோ-கார்ட்டிலிருந்து இறங்கும் பிள்ளைகள் முதன்முதலாக ஏறி உட்காரும், சக்கரங்கள் வெளியே தெரியும் பந்தயக் கார்.

டிக்கெட் விலையை இங்கே எழுதப்போவதில்லை. மனைவி இதைப் படிப்பாள்.

அக்டோபர் 2, வியாழன். யீஷூன், பழைய அப்பர் தாம்சன் சாலை

அக்கா வீடு யீஷூனில் பன்னிரண்டாவது மாடி. விடியற்காலையில் வந்து சேர்ந்ததும் படுத்தவள்தான் மகள், பத்து மணிக்கு எழுப்பினால் "ட்ராக் எங்கே?" என்கிறாள். நகரத்துக்குள் இருக்கும் பாதையை நாளைக்குப் பார்க்கலாம், அதற்கு முன் அதன் தாத்தாவைப் பார்ப்போம் என்று பஸ் ஏறினோம். மாமாவும் கூட வந்தார். இருபத்தைந்து வருஷமாக இங்கே இருக்கிறார். அந்தச் சாலை வழியாகப் போயிருக்கிறார், ஆனால் அது பந்தயப் பாதை என்று இன்றுதான் தெரியும்.

2008-ல் ராத்திரியில் விளக்குப் போட்டு ஓட்டியதுதான் சிங்கப்பூரின் முதல் பந்தயம் என்று பலர் நினைக்கிறார்கள். அது எஃப்1-க்குச் சரி. 1961 முதல் 1973 வரை இந்த அப்பர் தாம்சன் சாலையில், பொதுச்சாலையை அடைத்துவிட்டு கிராண்ட் பிரீ நடந்தது. ஒரு சுற்று ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். அதில் கார்களும் ஓடின, மோட்டார் சைக்கிள்களும் ஓடின. ஏழு பேர் செத்திருக்கிறார்கள். 1973-க்குப் பிறகு நிறுத்திவிட்டார்கள்.

இப்போது அது மரங்கள் கவிந்த ஒருவழிச் சாலை. பக்கத்திலேயே தாம்சன் இயற்கைப் பூங்கா. குரங்குகள் தடுப்புக் கம்பியில் வரிசையாக உட்கார்ந்து, மாமாவின் கையிலிருந்த பரோட்டாப் பொட்டலத்தைக் கணக்கெடுத்தன. பந்தயக் காலத்து வளைவுகளின் பெயரைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். பாம்பு மாதிரி நெளிவதால் ஒன்று ஸ்னேக்ஸ். இன்னொன்று டெவில்ஸ் பெண்ட். தடுப்புச் சுவரோ டயர் அடுக்கோ இல்லாமல், நூறைத் தாண்டிய வேகத்தில் அந்தச் சாத்தான் வளைவுக்குள் நுழைந்தவர்களை நினைத்தால் எனக்கு அடிவயிறு என்னவோ செய்தது. மகளுக்கு ஒன்றும் செய்யவில்லை. ஓரமாகக் குனிந்து, "ஏப்பெக்ஸ் இங்கதானுங்கப்பா வரும், வெளியே போறப்ப ரோடு சாயுது பாருங்க" என்று, கார் வளைவின் உள்பக்கத்தைத் தொட்டுப் போகும் இடத்தைக் கையால் கோடு போட்டுக் காட்டினாள்.

நம் பக்கமும் இப்படித்தான் ஆரம்பித்தது. சென்னைக்கு வெளியே சோழவரத்தில், பழைய விமான ஓடுபாதையில் பந்தயம். இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பாதை 1990-ல்தான் வந்தது. எங்கள் கோயம்புத்தூர்க்காரர் கரிவரதன் அந்தக் காலத்தில் ஒரு வேலை செய்தார். மாருதி 800 எஞ்சினை எடுத்து, குழாய்ச் சட்டத்தில் உட்கார வைத்து, ஃபார்முலா மாருதி என்று ஒற்றை இருக்கைக் கார் கட்டினார். மூன்று சிலிண்டர், 796 சிசி. தெருவில் காய் வாங்கப் போகும் எஞ்சின்! எஞ்சின் கெட்டால் எந்த மெக்கானிக்கும் பிரிப்பான், பாகம் எந்தக் கடையிலும் கிடைக்கும். நரேன் கார்த்திகேயன் அந்த வண்டியில்தான் தொடங்கினார். கருண் சந்தோக் 2000-ல் அதில் சாம்பியன். நரேன் 1996-ல் ஃபார்முலா ஆசியா பட்டம் வென்றார், கருண் 2001-ல். இரண்டு பேரும் கடைசியில் எஃப்1 வரை போனார்கள். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார். செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில்தான்.

நான் பத்து வருஷம் ரேஸ் கார்ப் பட்டறைகளில் ஸ்பேனர் பிடித்தவன். இதையெல்லாம் அந்தக் குரங்குகளுக்கு நடுவில் நின்று மாமாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பொட்டலம் போனது அப்போதுதான்.

சாயங்காலம் தேக்கா, இங்கே நம் ஆட்கள் கடைவீதி. சிராங்கூன் சாலை முழுக்கத் தீபாவளி விளக்கு. அக்கா பதினெட்டு நாள் முன்னதாகவே முறுக்கு அச்சு வாங்கிவிட்டாள்.

அக்டோபர் 3, வெள்ளி. முதல் நாள் ஓட்டம்

இந்த வார இறுதியை "வெப்ப அபாயம்" என்று அறிவித்துவிட்டார்கள். எஃப்1-ல் அப்படி அறிவிப்பது இதுதான் முதல் தடவை. வெப்பத்தையும் காற்றின் ஈரத்தையும் சேர்த்துப் போடும் கணக்கு 31 டிகிரியைத் தாண்டும் என்று கணித்தால் அந்த விதி வேலை செய்யும். ஓட்டுநர்கள் குளிர்ந்த நீர் ஓடும் மேலங்கி போட்டுக்கொள்ளலாம். 31-க்கு அபாயமா என்று கோவைக்காரனுக்குச் சிரிப்பு வரும். எனக்கும் வந்தது. நகர மண்டபம் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்து இருபது நிமிஷம் நடந்ததும் சிரிப்பு நின்றது. வெயில் பெரிதில்லை, காற்றில் இருக்கும் ஈரம்தான் ஆளைப் பிழிகிறது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நான் வேறு நுழைவாயில் எண்ணைத் தப்பாகப் படித்து, எல்லோரையும் அரை வட்டம் சுற்ற வைத்தேன். மகள் வழி முழுக்க ஒன்றும் பேசவில்லை, தண்ணீர் பாட்டிலை மட்டும் என் கையில் திணித்தாள். அது அவள் அம்மாவின் திட்டு வகை.

கடைசியில் பாடாங் மைதானத்துப் பக்கம் வேலியோரம் இடம் பிடித்தோம். ஒரு பக்கம் பழைய உச்ச நீதிமன்றக் கட்டடத் தூண்கள், எதிரே புல்வெளி, நடுவே செயின்ட் ஆண்ட்ரூஸ் சாலை. சாதாரண நாளில் பஸ்ஸும் டாக்சியும் போகும் தார். இங்கிருந்து கார்கள் ஆண்டர்சன் பாலத்துக்குத் திரும்பும். அந்தப் பாலத்தின் இரும்பு வளைவுகளுக்குள் கார் நுழைவதைப் பார்த்தால் ஊசியில் நூல் கோர்ப்பது போல இருக்கிறது.

2012-ல் நரேன் இதே பந்தயத்தில் எச்ஆர்டி அணியின் காரைச் சுவரில் இடித்தார். அந்த இடத்தைத் தேடலாம் என்றால், அது இப்போது பாதையிலேயே இல்லை. மிதக்கும் மேடைப் பக்கத்து வளைவுகளை 2023-ல் எடுத்துவிட்டு நேர்க்கோடாக்கிவிட்டார்கள். நம் ஊர்க்காரர் இடித்த சுவரைக்கூட விட்டுவைக்கவில்லை.

சின்னக் கார்கள் வந்தன. மொத்தம் 18. எல்லாம் இத்தாலியின் டாட்டூஸ் நிறுவனம் கட்டிய ஒரே மாதிரி கார், 1.4 லிட்டர் டர்போ எஞ்சின், 170 குதிரைத்திறனை ஒட்டி, ஆறு கியர், பிரெல்லி டயர். தலைக்கு மேல் ஹாலோ என்ற பாதுகாப்பு வளையம். பவர் ஸ்டியரிங் கிடையாது. பத்துக் கார்களுக்குப் பத்து எஃப்1 அணிகளின் சாயம். மற்றவற்றுக்கு விளம்பரக்காரர்களின் சாயம். அதில் ஒன்று சார்லட் டில்பரி என்ற லிப்ஸ்டிக் கம்பெனியுடையது. எங்கள் காலத்தில் ரேஸ் கார் மேல் எஞ்சின் ஆயிலும் டயரும்தான் ஒட்டியிருக்கும். அக்கா பார்த்துவிட்டு, "இந்த ஒரு காரைத்தான் எனக்குத் தெரியும்" என்றாள்.

அக்டோபர் 4, சனி. முதல் பந்தயம்

மகள் முந்திய ராத்திரியே விதியைப் படித்து வைத்திருந்தாள். சனிக்கிழமைப் பந்தயத்தில், தகுதிச் சுற்றில் முதல் எட்டு இடம் பிடித்தவர்களைத் தலைகீழாக நிறுத்துவார்களாம். எட்டாவது ஆள் முதலில், முதல் ஆள் எட்டாவதாக. வேகமானவள் முந்தித்தான் ஆகவேண்டும். சுவருக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு முழங்கூட இல்லாத இந்தத் தெருவில் அதைச் செய்யச் சொல்வது கொஞ்சம் கொடுமைதான். ஆனால் கற்றுக்கொள்ள வந்த இடம், கொடுமை இருக்கட்டும். பட்டத்துக்கு இந்த வருஷம் மல்லுக்கட்டுபவர்கள் மெர்சிடிஸ் ஆதரவில் ஓட்டும் டோரியான் பின், ஃபெராரி ஆதரவில் ஓட்டும் மாயா வெக். மகள் மாயா பக்கம். நான் யார் பக்கமும் இல்லை என்று சொன்னேன், நம்பவில்லை.

எங்களைச் சுற்றி ஆள் குறைவு. பெரிய கார்களுக்கு வேலியை மொய்த்த கூட்டம், இதற்குச் சாப்பாட்டு வரிசைக்குப் போய்விட்டது. எனக்கு இது புரியவே மாட்டேன் என்கிறது. எஃப்1-ல் யார் ஜெயிக்கிறார்கள் என்பதில் பாதி, தொழிற்சாலையில் ஆறு மாசத்துக்கு முன்னாலேயே முடிவாகிவிடுகிறது. இங்கே பதினெட்டுக்கும் ஒரே வண்டி. வித்தியாசம் என்று ஏதாவது கண்ணில் பட்டால் அது உள்ளே உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் கை, கால், தைரியம்.

அதை நான் கண்ணால் தேடிக்கொண்டிருந்தேன். யார் எங்கே பிரேக் பிடிக்கிறார்கள், முன்சக்கரம் எப்போது பூட்டிக்கொண்டு புகைகிறது, யார் சுவரை முத்தமிடப் போய்த் திரும்புகிறார்கள் என்று. நாலைந்து சுற்று ஆகியிருக்கும். மகள் என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, கண்ணை மூடிட்டுக் கேளுங்க."

மூடினேன். முதல் காரின் சத்தம் வந்தது: உறுமல், கியர் இறங்கும் மூன்று வெட்டு, ஒரு சின்ன மௌனம், அப்புறம் மறுபடி முழு உறுமல். அடுத்ததும் அதே. அதற்கடுத்ததும்.

"இப்ப வர்றதைக் கேளுங்க. நடுவுல சும்மா இருக்கிற நேரம் கம்மி."

ஆமாம். நடுவில் ஓடிய ஒரு கார், எண்ணைச் சொன்னால் யாராவது சண்டைக்கு வருவார்கள், அந்த மௌனத்தை மற்றவர்களைவிட ஒரு மயிரிழை சீக்கிரம் முடித்தது. கொஞ்சம் முன்னதாகவே பிரேக் பிடித்து, மூக்கைத் திருப்பி முடித்துவிட்டு, ஆக்ஸிலேட்டரை முதலில் திறக்கிறாள். ஒவ்வொரு சுற்றும். எனக்கு இருபத்தைந்து வருஷமாக எஞ்சின் சத்தம்தான் பிழைப்பு. டேப்பெட் தட்டுகிறதா, பேரிங் போயிற்றா என்று தெருமுனையில் வண்டி வரும்போதே சொல்லிவிடுவேன். ஆனால் அத்தனை வருஷமும் நான் கேட்டது மெஷினை மட்டும்தான். எல்லா மெஷினும் ஒன்றாக இருந்தால் காதில் விழுவது ஓட்டுபவரின் கால் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

மீதிப் பந்தயத்தை நாங்கள் இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டோம். பக்கத்தில் நின்ற ஒருவர், இவர்களுக்கு வெயில் தாக்கிவிட்டதோ என்று அக்காவிடம் விசாரித்தாராம். முடிவை இதற்குள் எல்லோரும் போனில் பார்த்திருப்பீர்கள், நான் எழுத வேண்டியதில்லை. மகள் அந்த நடுக் காரின் நேரத்தை மட்டும் நோட்டில் குறித்துக்கொண்டாள்.

அவள் தண்ணீர் வாங்கப் போனபோது மாமா மெதுவாகக் கேட்டார். "தம்பி, இதுக்கெல்லாம் எவ்வளவு ஆகும்?"

சொன்னேன். இந்தத் தொடர் ஆரம்பித்தபோது ஓட்டுநர் ஒரு வருஷத்துக்குக் கொண்டுவர வேண்டிய பணம் 1,50,000 யூரோ. அதே அளவு பணத்தை எஃப்1 நிர்வாகமும் ஒவ்வொரு காருக்கும் போட்டது. நம் காசுக்கு ஒன்றரைக் கோடி. அதுவும் பாதி விலைக்குக் கொடுத்த கணக்கு.

"பட்டறையை வித்தா?"

"பத்தாதுங்க மாமா."

"இடத்தோட சேர்த்தா?"

பதில் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், மகளை இங்கே கூட்டிவந்ததற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். எவ்வளவு தூரம், எவ்வளவு பணம் என்று அவளே நேரில் பார்த்துவிட்டால், நான் வாயைத் திறந்து "வேண்டாம் கண்ணு" என்று சொல்ல வேண்டியிருக்காது என்று நினைத்தேன். கோழைத்தனம்தான். கண்ணை மூடிக்கொண்டு கேட்ட அந்தக் கால் மணி நேரம் அந்தத் திட்டத்தைக் கெடுத்துவிட்டது.

ராத்திரி அக்கா வீட்டில் ரசம் சோறு சாப்பிடும்போது மகள் பட்டியல் போட்டாள். 2023-ல் ஜெயித்த மார்த்தா கார்சியாவுக்கும் 2024-ல் ஜெயித்த ஆபி புல்லிங்குக்கும் அடுத்த படியில் செலவில்லாமல் இடம் கிடைத்ததாம். யாராக இருந்தாலும் இரண்டு சீசனுக்கு மேல் இங்கே ஓட்ட முடியாதாம். எஃப்1-ல் கடைசியாகப் பந்தயம் ஓட்டிய பெண் லெல்லா லொம்பார்டி, 1976-ல். "அம்பது வருஷம் ஆகப்போகுதுங்கப்பா" என்றாள். யார்மேல் குற்றம் சொல்கிறாள் என்று தெரியவில்லை. நான் அப்பளத்தை உடைத்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

சின்னக் கார்களின் இரண்டாவது பந்தயம், அப்புறம் ராத்திரி எட்டு மணிக்குப் பெரியது. ரஸ்ஸல் ஜெயித்தார், வெர்ஸ்டாப்பன் இரண்டு, நாரிஸ் மூன்று. மெக்லாரனுக்கு அணிப் பட்டம். விளக்கு வெளிச்சத்தில் கார்கள் பொம்மை மாதிரி மின்னின. சத்தியமாக அழகு. ஆனால் பாதி நேரம் ஒருவர் பின்னால் ஒருவர் போய்க்கொண்டிருந்தார்கள்.

மகளுக்கு ஒரு கணக்கு சொன்னேன். ரஸ்ஸல் 2014-ல் பிரிட்டனில் ஒரு ஃபார்முலா 4 தொடரில் சாம்பியன். நாரிஸ் 2015-ல் அங்கேயே இன்னொன்றில். இன்று முதல் மூவரில் இருவர் இந்தச் சின்னக் கார் வகையில் படித்தவர்கள். "வெர்ஸ்டாப்பன்?" என்றாள். அவர் கார்ட்டிலிருந்து நேராக ஃபார்முலா 3-க்குத் தாவியவர். "அப்ப எஃப்4 இல்லாமலும் போலாம்." இவளிடம் வாய் கொடுத்தது என் தப்பு.

திரும்பும்போது ரயிலில் மூச்சுவிட இடமில்லை. அவள் நின்றபடியே என் தோளில் தூங்கினாள்.

அக்டோபர் 6, திங்கள். கடைசி நாள்

விமானத்துக்கு நேரம் இருந்தது. மறுபடி எஸ்பிளனேட் பக்கம் நடந்தோம், இருவர் மட்டும். வேலிகளைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்கள். கிரேன் ஒன்று கான்கிரீட் தடுப்புக்குக் கொக்கி மாட்டக் காத்திருந்தது. நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டு, மஞ்சள் மேலங்கி போட்ட ஒருவர் திரும்பினார். அறந்தாங்கிப் பக்கம்.

"ரேஸ் பார்க்க வந்தீங்களாண்ணே?"

"ஆமாங்க. நீங்க பார்த்தீங்களா?"

"எங்கண்ணே. போன்ல கொஞ்சம் பார்த்தேன். மூணு மாசமா இந்த வேலிதான் நமக்கு. எந்தக் கல்லு எங்க வரும்னு நம்பர் போட்டிருக்கும், அது மனப்பாடம்."

ஒரு தடுப்புக்கல் எவ்வளவு எடை என்று மகள் கேட்டாள். "சரியாத் தெரியாது பாப்பா. கிரேன்தான் தூக்கும், நாங்க கூட நிப்போம்" என்றார். அப்புறம் அவராகவே எங்களை நாலு கல் தள்ளிக் கூட்டிப்போய்க் காட்டினார். சாம்பல் நிறக் கான்கிரீட்டில், முழங்கால் உயரத்தில், ஒரு முழ நீளத்துக்குக் கறுப்பாக ரப்பர் கோடு. சக்கரம் உரசிப் போன தடம். அதற்குக் கீழே இன்னும் மூன்று நான்கு, மங்கலாக.

"எந்தக் கார்னு தெரியுமாண்ணே?" என்று அவள் கேட்டாள். தெரியாது என்றார். அவள் குந்தி உட்கார்ந்து கோட்டின் அகலத்தை விரலால் அளந்தாள். "சின்னக் கார்தான்" என்றாள் என்னிடம். எப்படி அவ்வளவு நிச்சயம் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் மேஸ்திரி கூப்பிட, அவர் கையசைத்துவிட்டு ஓடினார். ஊருக்குப் போனால் என்ன கொண்டுபோவது என்று அவரிடம் கேட்டிருக்கலாம். பெயர்கூடக் கேட்கவில்லை.

இப்போது சாங்கி விமான நிலையத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அக்கா ஒரு டப்பா முறுக்கு கட்டிக் கொடுத்திருக்கிறாள், தீபாவளி வரை திறக்கக் கூடாதாம். திறந்தாயிற்று.

மகள் நோட்டை மூடிவிட்டுக் கேட்டாள்: "அப்பா, அடுத்த மாச ரேஸுக்கு புது டயர் செட் வேணும். பழசு தேஞ்சு போச்சு."

"ஊருக்குப் போய்ப் பார்க்கலாம் கண்ணு."

"பார்க்கலாம்னா முடியாதுன்னுதானுங்களே அர்த்தம்?"

"அம்மா சொன்னா முடியாதுன்னு அர்த்தம். நான் சொன்னா பார்க்கலாம்னுதான் அர்த்தம்."

அவள் அதை நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டு, கையெழுத்துக்காக என் பக்கம் நீட்டுகிறாள். கோவை விமானத்துக்குக் கூப்பிடுகிறார்கள்.